வீட்டுச் சேர்வர் இழுக்கிறதா? டிஸ்க்கை மாற்ற முன்னம் இதைப் பாருங்கள்

வீட்டுச் சேர்வருக்கு, அதாவது வீட்டுக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கணினிக்குக் கொப்பி பண்ணப் போட்ட கோப்பு இழுபட்டுக்கொண்டு நின்றால், பழி உடனே ஹார்ட் டிஸ்க்கின் தலையில் விழும். காசைக் கொடுத்துப் புது டிஸ்க் கொழுவிய பிறகும் அதே வேகம் என்றால்தான் கேபிளைத் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் அளந்து பாருங்கள், அதுக்குச் செலவில்லை.

ஒரே பெரிய கோப்பாக எடுத்துக் கொப்பி பண்ணுங்கள். அது சேர்வரின் ரேமைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். சின்னக் கோப்பு என்றால் அது முதலில் ரேமுக்குள் போய் உட்கார்ந்து பொய் வேகம் காட்டும். ஒரு நிமிடம் கழித்து, செக்கனுக்கு எத்தனை மெகாபைட் என்று பாருங்கள்.

110ஐ ஒட்டி நின்றால் கிகாபிட் (செக்கனுக்கு 1000 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட்) இணைப்பின் உச்சம் அதுதான், ஒரு குறையும் இல்லை. 11, 12இல் அசையாமல் நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. டிஸ்க் பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. 30, 40 என்றால் வெளி டிஸ்க் பெட்டி யூஎஸ்பி 2 துளையில் செருகப்பட்டிருக்கும். யூஎஸ்பி 3 துளைக்கு மாற்றுங்கள், அநேகமாக உள்ளே நீல நிறமாக இருக்கும். ஏறி இறங்கி, நடுவில் பூச்சியத்தில் நின்று நின்று போனால்தான் டிஸ்க்கைச் சந்தேகிக்கவேண்டும்.

திருகோணமலையில் அந்த 11ஐத் தனியாகக் கவனிக்கவேண்டும். கிகாபிட்டுக்கு வலையமைப்புக் கேபிளின் எட்டு வயரும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு வயர் போதும். அதனால் மிச்ச நாலில் ஒன்று பழுதானாலும் இணைப்பு அறாது, சத்தமில்லாமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே உப்புக் காற்றுத்தான் இந்தச் செருகியின் தகடுகளிலும் படிகிறது. கைபேசி டோர்ச்சை அடித்து ரவுட்டரின் துளைக்குள் பாருங்கள்: எட்டு மெல்லிய கம்பியும் பொன் நிறமாக மினுங்கவேண்டும். பச்சைத் தூளோ கறுப்போ தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

துளை சுத்தமாக இருந்தால், செருகியை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையிலும் புதிது அடியுங்கள். வரிசை: செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, மண்ணிற-வெள்ளை, மண்ணிறம். வெட்டிய கையோடு வயர் நுனியை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவு, ஆனால் வளைத்தால் முறியும். அதில் புதுச் செருகி அடிப்பது வீண் வேலை, முழு கேபிளையும் மாற்றுங்கள்.

பிறகு இரண்டு பக்கக் கணினியிலும் ஐபெர்ஃப்3 என்ற வலையமைப்பு வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டுங்கள். 900 மெகாபிட்டுக்கு மேல் வந்தால் வலையமைப்பு சரி, இனி டிஸ்க்குக்குப் போகலாம்.

ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பை எடுங்கள். லினக்ஸ் என்றால் ஸ்மார்ட்மொன்டூல்ஸ், விண்டோஸ் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. பட்டியல் நீளமானது, ஆனால் 5, 197, 198, 199 என்ற நாலு வரி போதும். கடைசிப் பத்தியில் உள்ள மூல எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

197 பூச்சியமாக இல்லையென்றால் மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். டிஸ்க்கால் வாசிக்க முடியாத பகுதிகளின் எண்ணிக்கை அது. அந்த நிலையில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக் ஓட்டுவது, நோயாளியை மலை ஏறச் சொல்வது மாதிரி. கொப்பி பூச்சியத்தில் நிற்பதற்கும் காரணம் இதுதான்: சாதாரண மேசைக் கணினி டிஸ்க் ஒரு பழுதான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும், சிலவேளை ஒரு நிமிடத்துக்கும் மேலாக. லினக்ஸ் வழமையாக 30 செக்கன் பொறுத்துவிட்டு இணைப்பையே மீட்டமைக்கும். நாஸுக்கென்று, அதாவது வலையமைப்பில் கொழுவும் சேமிப்புப் பெட்டிக்கென்று செய்த டிஸ்க்குகள் பொதுவாக 7 செக்கனில் கைவிட்டு, முடியவில்லை என்று அறிவித்துவிடும். 5உம் (பழுதாகி மாற்றிடம் கொடுத்த பகுதிகள்) 198உம் (மீட்க முடியாத பகுதிகள்) ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பவேண்டாம்.

199 வேறு கதை. அது டிஸ்க்கைக் கணினிப் பலகையோடு இணைக்கும் சாட்டா கேபிளில் வரும் பிழை. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, அதனால் இன்றைய எண்ணைக் குறித்துவைத்து ஒரு வாரம் கழித்து ஒப்பிடுங்கள். ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது. கேபிளைக் கழற்றும்போது டிஸ்க்கில் கேபிள் செருகும் இடத்துத் தகடுகளையும் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம், மேலே இருக்கிற பொன் பூச்சு போய்விட்டால் அடுத்த மாரிக்குள் இன்னும் மோசமாகும்.

நாலு வரியும் சுத்தம், ஆனாலும் எழுதும்போது மட்டும் நல்ல வேகத்தில் தொடங்கி, பல கிகாபைட் போன பிறகு 20, 30க்கு விழுகிறதா? அது எஸ்எம்ஆர் டிஸ்க்காக இருக்கும். தடங்களைக் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை அது. ஒரு ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் கழற்றவேண்டும். பழுதல்ல, குணம். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தன் தற்காலிக இடத்தைக் காலியாக்கி மீண்டும் வேகம் பிடிக்கும். படம் சேமித்துவைக்க அது போதும், பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டுக்கு வேண்டாம். நாஸ் என்ற பெயரை மட்டும் நம்பவும் முடியாது: வெஸ்டர்ன் டிஜிற்றல் ரெட் டிஸ்க்குகள் சிலவும் எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே வந்தது. ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை.

ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் செக்கனுக்கு 5 மெகாபைட்டில் போவதைக் குறையாக எடுக்கவேண்டாம். நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் டிஸ்க்கில், தேடும் இடம் வாசிக்கும் முள்ளுக்கு நேரே வரவே சராசரி 5.6 மில்லிசெக்கன் போகும், முள் நகரும் நேரம் வேறு. ஒரே ஸிப்பாகக் கட்டி அனுப்புங்கள். முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிய டிஸ்க்கும் மெதுவாகும். டிஸ்க் வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி நிரம்பும், உள்வட்டத் தடங்களின் வேகம் வெளிவட்டத்தினதில் ஏறக்குறையப் பாதிதான்.

கச்சான் வீசும் மாதங்களில் டிஸ்க்கின் சூட்டையும் பாருங்கள், 194ஆம் வரி. 45 பாகைக்குள் இருந்தால் நல்லது, 50ஐத் தாண்டினால் பெட்டியை அலுமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து டிஸ்க்குக்கு நேரே ஒரு 120 மில்லிமீற்றர் விசிறி வையுங்கள். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், காற்றோடு உப்பும் சேர்ந்து வரும்.

கரண்ட் போய் வந்த அன்று மட்டும் மந்தமாக இருந்தால் ஒன்றையும் கழற்றவேண்டாம். லினக்ஸ் ரெய்டு தன்னைத்தானே ஒத்துப்பார்த்துக்கொண்டிருக்கும். ப்ரொக் அடைவில் எம்டிஸ்டற் கோப்பைத் (/proc/mdstat) திறந்தால் எத்தனை வீதம் முடிந்தது, இன்னும் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். 4 டெராபைட் டிஸ்க்குக்கு ஒரு இரவு போகலாம். அதுவரை பொறுங்கள்.