கோட்டோர் வளைகுடாவில் தனிப்படகுப் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடா படத்தில் ஏரி போலத்தான் தெரியும். படகில் ஏறியதும் இரண்டு கடல்கள் இருப்பது புரிந்துவிடும். நடுவே வெரிகெ என்ற இடுக்கு, அகலம் சுமார் 340 மீட்டர். அதன் உட்புறம் மலைகளுக்கு நடுவே அடங்கிக் கிடக்கும் தண்ணீர். வெளிப்புறம் மெல்ல விரிந்து அத்ரியாட்டிக்கில் போய்ச் சேரும். உங்கள் பயணம் எந்தக் கடல்வரை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

உட்கடல் மட்டும் போதுமென்றால் பெராஸ்ட் ஊரும் அதன் எதிரேயுள்ள இரு தீவுகளும். இரண்டு மணி நேரம் தாராளம், மெதுவாகப் போகும் மரப்படகே போதும். வெளிப்புறம், லுஷ்டிட்சா தீபகற்பத்தில் தண்ணீர் நீலமாக ஒளிரும் நீலக்குகைவரை போக வேண்டுமானால் ஸ்பீட்போட்டும் குறைந்தது மூன்று மணி நேரமும் வேண்டும்.

அடுத்தது காற்று. தென்கிழக்கிலிருந்து வரும் 'யூகோ' வீசினால் வெளிக்கடலில் அலை எழும்பும், குகை வாயில் படகு நுழையாது. உட்புறமுள்ள கோட்டோர் ஊரில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று படகோட்டியிடம் வாதாடாதீர்கள். அவர் யோசிப்பது வெரிகெக்கு அப்பால் உள்ள கடலை. கோடையில் நண்பகலுக்குப் பிறகு வடமேற்குக் காற்றான 'மாயிஸ்ட்ரால்' வலுக்கும். ஆகவே காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி நேராகக் குகைக்குப் போய்விடுங்கள், மற்ற இடங்களைத் திரும்பும் வழியில் பார்க்கலாம். வெயில் ஏறிய பிறகுதான் குகைத் தண்ணீரின் நீலம் துலங்கும் என்பதால் விடியலிலேயே போவதும் வீண். வாயில் வழியே நுழையும் ஒளி வெளிர்நிற அடித்தரையில் பட்டுத் தெறிப்பதால் வரும் நிறம் அது.

முன்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை: விலை முழுப் படகுக்கா, ஆளுக்கா? எரிபொருள் சேர்த்தியா? எங்கெங்கே எத்தனை நிமிடம் நிறுத்துவார்கள்? குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா? எல்லாவற்றையும்விட, அலையால் குகைக்குப் போக முடியாவிட்டால் பணம் என்ன ஆகும்? பெரும்பாலான மனக்கசப்பு இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காததால்தான். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படகில் பின்புறம் உட்காருங்கள். முன்பகுதிதான் அலையில் எழும்பி அறையும், முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது. கைபேசி தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும்.

குகையிலிருந்து திரும்புகையில் மாமுலா கோட்டை வரும். 1853-இல் ஆஸ்திரியர் கட்டியது, இரண்டாம் உலகப்போரில் இத்தாலியரின் சிறைமுகாம், இப்போது ஹோட்டல். யூகோஸ்லாவியா காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களை மறைத்துவைக்கப் பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கத்துக்குள்ளும் படகு நுழையும்.

பெராஸ்டின் இரு தீவுகளில் புனித ஜார்ஜ் தீவில் இறங்க முடியாது, சுற்றிப் பார்ப்பதோடு சரி. மற்றது 'பாறை மாதா' தீவு, மனிதர் கட்டியது. 1452-இல் மாலுமிகள் ஒரு பாறையில் மாதா படத்தைக் கண்டதாக ஐதீகம். அன்றுமுதல் கல்லைக் கொட்டியும் பழைய கப்பல்களை மூழ்கடித்தும் தீவை எழுப்பினார்கள். இன்றும் ஒவ்வொரு ஜூலை 22 மாலையும் படகுகளில் கல் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். தேவாலயத்துக்குள் ஈர நீச்சலுடையோடு போகக் கூடாது, தோளை மூட ஒரு துண்டு கையில் இருக்கட்டும். அருங்காட்சியகக் கட்டணத்துக்குச் சில்லறை யூரோவும் வேண்டும்.