பருவச் சொற்சங்கிலி: ஆடி மாதத்தைத் தொலைக்காமல் விளையாடுவது எப்படி?

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் ஒருமுறை நாங்கள் ஐந்து பேர் மாட்டிக்கொண்டோம். சென்னையில் கிளம்பிய பேருந்து செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு மணி நேரம் நின்று நின்று போனது. கைப்பேசிகளில் சார்ஜ் இல்லை. கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் பழைய விளையாட்டை யாரோ ஆரம்பித்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: சொல் ஏதாவது ஒரு பருவத்தையோ பண்டிகையையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

அரை மணி நேரம் போன பிறகு, ஆடியில் பிறந்த தோழி கேட்டாள்: "ஏன்டா, தை வந்துச்சு, மாசி வந்துச்சு, ஆடி மட்டும் வரவே இல்லையே?"

யோசித்துப் பார்த்தால் வரவே முடியாது. ஆ, ஈ மாதிரி ஓரெழுத்துச் சொற்களை விட்டால், தமிழ்ச் சொல் எதுவும் தனி உயிரெழுத்தில் முடிவதில்லை. அப்படியிருக்க ஆனி, ஆடி, ஆவணி, ஐப்பசி என்ற நான்கு மாதங்களை யார் கூப்பிடுவது? ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே காணாமல் போகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர அன்றிரவு விதிகளைக் கொஞ்சம் திருத்தினோம். திருத்திய ஆட்டத்தைத்தான் இங்கே சொல்லித் தருகிறேன்.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

மூன்று முதல் ஆறு பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் முறை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். வட்டமாக உட்காருங்கள். சொன்ன சொற்களைக் குறிக்க ஒருவரிடம் தாளும் பேனாவும் இருக்கட்டும். சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது என்பதால், தாள் இல்லாவிட்டால் சண்டைதான்.

படி 2: எது செல்லும், எது செல்லாது

பண்டிகை, மாதம், பருவம் ஆகியவற்றின் பெயர்கள் செல்லும். அந்த நாளில் சமைப்பது, உடுத்துவது, கொளுத்துவது, விதைப்பது, அந்த நேரத்தில் மட்டும் கண்ணில் படும் பூச்சி, காய், பூ எல்லாமே செல்லும். ரம்ஜான், டிசம்பர் என்று தமிழில் புழங்கும் வடமொழி, பிறமொழிச் சொற்களையும் நாங்கள் ஒதுக்குவதில்லை.

சொல்லோடு ஒரே மூச்சில் காரணமும் சொல்ல வேண்டும். 'ஈசல்' என்றால், "மழை விட்ட மறுநாள் விளக்கைச் சுற்றும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஒப்புக்கொண்டால் செல்லும், இல்லையென்றால் கை தூக்கி வாக்கெடுப்பு. என்னைக் கேட்டால் எழுத்தை விட இந்தக் காரணம் சொல்வதில்தான் ஆட்டத்தின் ருசியே. நண்பன் ஒருவன் 'கடன்' என்றான். காரணம்: "தீபாவளி". ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை.

ஊருக்கு ஊர் சொல் மாறும் என்பதும் இங்கேதான் தெரியவரும். திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் 'கொடை' என்றபோது சென்னைக்காரர்கள் ஏதோ தானம் என்று நினைத்து மறுத்தார்கள். தெற்கே அம்மன் கோயில் திருவிழாவுக்கே கொடை என்றுதான் பெயர். இன்னொருவர் 'மாவளி' என்றார். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் சுற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். கார்த்திகைத் தீபத்தன்று பிள்ளைகள் சுற்றுவது. எங்களில் இரண்டு பேர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆட்டம் பத்து நிமிடம் நின்றுபோனது, யாரும் வருத்தப்படவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது கூட இருந்தால் ஆடிப்பிறப்பும் ஆடிக்கூழும் நிச்சயம் வரும். அப்போதும் ஆட்டத்தை நிறுத்திக் கதை கேளுங்கள்.

படி 3: அடுத்த எழுத்தைப் பிடிப்பது

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மூன்றே விதிகள்தான்.

சொல் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் முடிந்தால் அதை உதறிவிட்டு, முந்தைய எழுத்துக்குப் போங்கள். 'பொங்கல்' என்றால் ல் போய் க நிற்கும். முதலில் நாங்கள் 'ம்' வந்தால் 'ம' என்று வைத்திருந்தோம். கோலம், தீபம், பாயசம், ஓணம் என்று பாதிச் சொற்கள் ம் என்றுதான் முடிகின்றன. இருபதே நிமிடத்தில் மஞ்சள், மாவிலை, மழை எல்லாம் தீர்ந்துபோய் விழித்தோம். உதறுவதே மேல்.

நிற்கும் எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடியது என்றால், அந்த வரிசையில் எந்த எழுத்திலும் தொடங்கலாம். க நின்றால் கரும்பு, கார்த்திகை, கூதிர், கொழுக்கட்டை எதுவும் சரி.

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு வரிசைகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. அவற்றில் ஒன்று வந்து நின்றால் உடம்பை விட்டுவிட்டு உயிரை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளியின் 'ளி' என்பது ள் + இ. ஆகவே இ அல்லது ஈ. புத்தாண்டின் 'டு' என்பது ட் + உ. ஆகவே உ அல்லது ஊ: உறியடி, ஊஞ்சல். ஐ வந்தால் ஐயிலும் தொடங்கலாம், அதற்கு இனமான இ, ஈயிலும் தொடங்கலாம். ஐயில் தொடங்கும் சொற்கள் குறைவு என்பதால் இந்தச் சலுகை. 'ரை' வந்து, கைவசம் 'ரம்ஜான்' இருந்தால் அதையும் சொல்லலாம், தடையில்லை.

இந்த மூன்றாவது விதிதான் ஆடியைக் கூட்டி வந்தது.

ஒரு சுற்று ஆடிப் பார்ப்போம்

பொங்கல் (க நிற்கிறது) → கரும்பு → போகி → கார்த்திகை → கொழுக்கட்டை (டை, ஆகவே ஐ) → ஐப்பசி → சித்திரை (ரை, மறுபடி ஐ, இந்த முறை ஈயை எடுத்தோம்) → ஈசல் (ச) → சொக்கப்பனை (னை, ஆகவே இ) → இளநீர் (நீ) → நோன்புக்கஞ்சி → சுண்டல் (ல் போனது, ட நிற்கிறது, ஆகவே அ அல்லது ஆ) → ஆடி!

பதின்மூன்று சொற்களுக்குள் தைப்பொங்கல், சித்திரை வெயில், ரமலான் நோன்பு, நவராத்திரி கொலு, ஆடி வரை வந்துவிட்டோம். சொக்கப்பனைக்குக் காரணம் தெரியாதவர்களுக்கு: கார்த்திகைத் தீபத்தன்று கோயில் முன்னால் பனை ஓலை சுற்றிக் கொளுத்துவார்களே, அது.

படி 4: நேரமும் தண்டனையும்

மற்றவர்கள் சேர்ந்து பத்து வரை எண்ணுவார்கள். அதற்குள் சொல் வரவில்லை என்றாலோ, வாக்கெடுப்பில் தோற்றாலோ ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். முதல் தப்புக்கு 'க', இரண்டாவதற்கு 'ழு', மூன்றாவதற்கு 'தை'. கழுதை ஆனவர் வெளியே. வெளியே போனவர் சும்மா உட்காராமல், வாக்கெடுப்பில் நடுவராக இருக்கட்டும்.

அப்புறம், ஆளுக்கு ஒரு தாவல் உண்டு. எ, ஏ, ஒ, ஓ என்று முடியும் சொற்கள் மிகக் குறைவு. அதனால் ஓணமும் ஏறுதழுவுதலும் எள்ளுருண்டையும் மேலே சொன்ன விதிகளில்கூட அநேகமாக வராது. ஆட்டத்தில் ஒரே ஒருமுறை "தாவுகிறேன்" என்று சொல்லி, எந்த எழுத்து நின்றாலும் அந்த நான்கில் ஒன்றில் தொடங்கும் சொல்லைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜெயிக்க நினைப்பவர்களுக்கு

வைகாசி, புரட்டாசி, ஐப்பசி, மாசி. நான்கு மாதங்கள் 'சி' என்று முடிகின்றன. ஆகவே ச வரிசை சீக்கிரம் காலியாகும். சீடை, சாரல், சரவெடி, சூரசம்ஹாரம், சங்கராந்தி என்று ஒரு கையிருப்பை மனதில் வைத்திருங்கள். எதிராளியை மாட்டிவிட வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப 'சி'யில் முடியுங்கள். நல்ல பழக்கம் இல்லைதான், ஆனால் பலிக்கும்.

ஐயில் முடிவதும் அப்படித்தான். மழை, கோடை, அறுவடை, விடுமுறை எல்லாம் ஐ. அடுத்தவர் ஐப்பசியைச் சொல்லிவிட்டால் இ, ஈ மட்டுமே மிச்சம். இடி, இஞ்சி, இளவேனில், ஈகைத் திருநாள் கைகொடுக்கும்.

பழைய ஆறு பருவங்களைத் தெரிந்து வைத்திருப்பவர் எளிதில் கழுதையாக மாட்டார். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். சித்திரை வெயிலில் நின்றுகொண்டு இதற்குப் போய் இளவேனில் என்று பெயரா என்று எங்கள் குழுவில் ஒவ்வொரு முறையும் ஒருவர் சண்டை பிடிப்பார். மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரமே தொடங்கிவிடுகிறது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

சின்னப் பிள்ளைகளோடு ஆடினால்

எழுத்து விதி எதுவும் வேண்டாம். ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள், ஆளுக்கொரு சொல் சொல்லட்டும். மார்கழி என்றால் கோலம், பூசணிப்பூ, பனி, கிறிஸ்துமஸ் கேக். இரண்டு மூன்று நாள் பழகிவிட்டால் அவர்களே கடைசி எழுத்துக்கு வந்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப் குழுவிலும் ஆடலாம். குரல்பதிவாகப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லோரும் தேடிப் பார்த்துத்தான் தட்டுவார்கள்.

சரி, என் சொல் 'பங்குனி'. னி நிற்கிறது, ஆகவே இ அல்லது ஈ. இளநீரும் ஈசலும் மேலே போய்விட்டன. ஒன்று, இரண்டு, மூன்று...