மங்கா மொத வால்யூம் ரிவ்யூவ எப்படி படிக்கறது

ஃபேண்டஸி மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) ஒண்ணு புதுசா ஆரம்பிக்கலாமான்னு ரிவ்யூ பாக்கப் போனா ஸ்டார எண்ணிட்டு இருக்காதீங்க, மூணு ஸ்டார் குடுத்தவங்க எழுதுனத மொதல்ல படிங்க, அவங்கதான் எது புடிச்சுது எங்க போரடிச்சுதுன்னு பிரிச்சு சொல்லுவாங்க. "ரொம்ப ஸ்லோ"ன்னு நெறைய பேர் சொன்னா பயப்படாதீங்க. ஒரு வால்யூம் பெரும்பாலும் 200 பக்கம் சுமாருக்குத்தான் இருக்கும், பத்திரிகைல தனித்தனியா வந்த சாப்டர்கள சேத்து போடுறது, அதுக்குள்ள உலகம், மந்திரம், ஹீரோன்னு எல்லாத்தையும் காட்டணும், மூச்சு முட்டத்தான் செய்யும்.

பெர்செர்க்ங்கற மங்காவயே எடுத்துக்கோங்க, 1990ல வந்த மொத வால்யூம்ல ஹீரோ கட்ஸ் ஏன் இவ்ளோ வெறியோட சுத்துறான்னு சரியா புரியாது, அவனோட பழைய கதைய சொல்ற பெரிய ஃப்ளாஷ்பேக் மூணாவது வால்யூம்லதான் தொடங்குது, ஒண்ணோட நிறுத்துனவர் கருத்த வச்சு முடிவு பண்ணா போச்சு (நானும் அப்படி ஒரு வருஷம் தள்ளிப்போட்டவன்தான்).

ஆனா "சண்டைல யாரு யார அடிக்கறான்னே தெரியல"ன்னு பல பேர் சொன்னா அத கொஞ்சம் நம்புங்க, பேனல் (படக் கட்டம்) குழப்பம் சீக்கிரம் சரியாகாது. மங்காவ வலதுலேர்ந்து இடதாத்தான் படிக்கணும், ரிவ்யூ எழுதுனவரு அப்படி படிச்சாரான்னு மட்டும் பாத்துக்கோங்க.