டால்ஹோஃபரின் படங்களைக் காலிலிருந்து படியுங்கள்

வாள்சண்டை கற்பிக்கும் பழைய ஜெர்மானிய வாள்நூலைத் திறந்தால் கண் நேராக வாளுக்குத்தான் போகும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வூர்ட்டம்பெர்க் பிரபு எபர்ஹார்டுக்காக வாள் ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபர் 1467-இல் உருவாக்கிய படநூல் இப்போது மியூனிக்கில், பவேரிய அரசு நூலகத்தில் இருக்கிறது. இணையத்திலேயே முழுதாகப் பார்க்கலாம். அதை ஒரு மாதம் புரட்டியும் எனக்கு ஓர் அடிகூடப் பிடிபடவில்லை. கண்ணைத் தரைக்கு இறக்கிய பிறகுதான் விளங்க ஆரம்பித்தது.

அதனால் முதலில் பாதத்தைப் பாருங்கள். எந்தக் கால் முன்னால் இருக்கிறது, எந்த முழங்கால் மடங்கி எடையைத் தாங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாள் வலத்தோளில், இடக்கால் முன்னால் என்றால் பெரும்பாலும் அவன் இன்னும் வெட்டவில்லை. வலக்கால் முன்னால் வந்து வாள் இடப்பக்கம் இறங்கியிருந்தால் வெட்டு முடிந்துவிட்டது. ஓவியர் வரைந்தது ஓட்டத்தின் நடுவே ஒரு கணம். அதற்கு முன் என்ன நடந்தது என்பதைக் கால்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கை, குறிப்பாகக் கட்டைவிரல். குறுக்கு வெட்டு ஒன்று உண்டு, ட்ஸ்வெர்ஹாவ் என்பார்கள். நானும் பயிற்சித் தோழரும் அதை மர வாளில் முயன்றபோது, கைப்பிடியை முஷ்டியால் இறுக்கிப் பிடித்திருந்தேன். வாள்முனை தொங்கிப் போனது, அவருடைய வெட்டு ஒவ்வொரு முறையும் என் முகமூடி மேல் விழுந்தது. கட்டைவிரலை நீட்டி வாளின் தட்டைப் பக்கத்துக்குக் கீழே கொடுத்தேன். கைப்பிடி தானாகவே தலைக்கு முன்னால் உயர்ந்தது. வாளும், கைப்பிடிக்கு மேல் கையைக் காக்கும் குறுக்குக் கம்பியும் கூரைபோல நின்றன. அவர் வெட்டு அதில் தட்டி நின்ற அதே நேரத்தில், என் வாளின் பின்விளிம்பு அவருடைய இடக்காது பக்கம் போய்விட்டிருந்தது. தடுப்பும் தாக்குதலும் ஒரே அசைவு! அன்றிலிருந்து எந்தப் படத்திலும் விரலைப் பார்க்காமல் நகர்வதில்லை.

மூன்றாவது, இரண்டு வாள்களும் எங்கே உரசுகின்றன? கைப்பிடியிலிருந்து நடு வரை வாளின் வலு, நடுவிலிருந்து முனை வரை மெலிவு. யாருடைய வலு யாருடைய மெலிவில் ஏறியிருக்கிறதோ, அடுத்த அடி பெரும்பாலும் அவருடையது.

இவ்வளவு பார்த்தும் படம் பாதிதான் பேசும். டால்ஹோஃபரின் குறிப்புகள் ஓரிரு வரிதான். ஏற்கெனவே கற்றவருக்கு நினைவூட்டத்தான் அவை என்று நினைக்கிறேன். அதனால் பக்கத்தில் இன்னொரு நூலை வைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஜெர்மானிய வாள் ஆசான் யோஹானஸ் லீக்டெனாவர் தன் கலையைக் கண்டவருக்கெல்லாம் புரியாதபடி மறைபொருளான செய்யுளில் கட்டிவைத்தார். அதற்கு சிக்மண்ட் ரிங்கெக் சொன்ன உரை டிரெஸ்டனில் உள்ள கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. மேலிருந்து வெட்டுபவனைச் சினவெட்டின் முனை மிரட்டும் என்று ஒரு வரி. வெறுமனே படித்தால் ஒன்றும் புரியாது. உரை இப்படிப் பிரிக்கிறது: அவன் வெட்டும்போது நீயும் வலத்தோளிலிருந்து சினந்து வெட்டு. வாள்கள் மோதியதும் அவன் பிடி தளர்வாக இருந்தால் முனையை நேராக முகத்துக்குச் செலுத்து. விறைத்து அழுத்தினால், அவன் வாளுக்கு மேலாக உன் வாளை எடுத்து மறுபக்கம் தலையில் இறக்கு. இதைப் படித்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினால், வாள்கள் குறுக்காக நிற்க ஒரு முனை மட்டும் முகத்தை நோக்கும் இடங்கள் பளிச்சென்று தெரியும்.

எல்லாப் படங்களையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். வாளின் அலகையே கையால் பிடித்துக் குத்துவதும், தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியால் அடிப்பதும் பெரும்பாலும் இரும்புக் கவசம் அணிந்தவனுக்கு எதிரானவை. ஆண் இடுப்பளவு குழியில் தடியோடு நிற்க, பெண் துணியில் கல்லைக் கட்டிச் சுழற்றும் படங்கள் வழக்குத் தீர்க்கும் சண்டை, அதற்குத் தனி விதிகள். ஆக்ஸ்பர்க் நகரப் பொருளாளர் பவுலுஸ் ஹெக்டர் மயர் 1540-களில் செய்வித்த பெரும் தொகுதிகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தப் படங்களின் ஆடை அலங்காரத்தில் கால் எங்கே என்று தேடவே நேரம் போய்விடும், ஆரம்பிப்பவர்கள் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, இனி எழுந்து நில்லுங்கள். மர வாள், முகமூடி, கையுறை, கூடவே ஒரு தோழர். படத்தில் உள்ளபடியே இருவரும் அசையாமல் நில்லுங்கள். அப்புறம் ஓரடி மட்டும் பின்னே போங்கள், மிக மெதுவாக. இந்த இடத்துக்கு வர எப்படிக் கால் வைத்திருக்க முடியும்? யாராவது தடுமாறினால் பாதத்தைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள். தாளைத் திருத்திவிட்டு மறுபடி நில்லுங்கள். எங்களுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று மாலைகள் பிடிக்கின்றன.