வாக்காளர் அட்டை கையில் இல்லாதபோது வாக்குரிமையைக் காப்பது எப்படி

கள்ள ஓட்டைத் தடுப்பதற்காக வாக்காளரிடம் அடையாள அட்டை கேட்பது நியாயமா, அல்லது அது ஏழையையும் இடம்பெயர்ந்தவரையும் வாக்குச்சாவடி வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடா என்ற விவாதம் இந்தியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. 1993 ஆகஸ்டில், அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷன், வாக்காளர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்க ஆணையிட்டபோது அது சூடுபிடித்தது. வாக்குப்பதிவு அலுவலராகச் சில தேர்தல்களில் பணியாற்றியவன் என்ற முறையில், இரு தரப்பிலும் உண்மை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கண்ணெதிரே வாக்களிக்காமல் திரும்பிப் போனவர்களில் அட்டை இல்லாமல் வந்தவர்கள் மிகச் சிலரே. பட்டியலில் பெயர் இல்லாததால் திரும்பியவர்கள்தான் அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியைப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 62-ஆம் பிரிவின்படி, ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டுமே அத்தொகுதியில் வாக்களிக்க முடியும். கையில் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் நீக்கப்பட்டிருந்தால் அந்த அட்டையால் பயனில்லை. அட்டை தொலைந்துபோயிருந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்க வழி உண்டு. எனவே தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ 1950 என்ற இலவச எண்ணிலோ உங்கள் பெயரைச் சரிபார்த்து, தொகுதி, பாகம் எண் (உங்கள் வாக்குச்சாவடிப் பகுதிக்கான பட்டியலின் எண்), வரிசை எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். திருமணமாகி வேறு ஊருக்குச் சென்ற பெண்களின் பெயர் பழைய ஊரில் நீக்கப்பட்டு, புதிய ஊரில் சேர்க்கப்படாமல் நின்றுவிடுவது அடிக்கடி நிகழ்கிறது.

பெயர் இல்லையென்றால் படிவம் 6 மூலம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முகவரி மாற்றம், எழுத்துப்பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை ஆகிய மூன்றுக்கும் படிவம் 8 ஒன்றே போதும். முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்தவர்கள் மட்டுமே அந்த ஆண்டின் பட்டியலில் சேர முடிந்தது. 2021-இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்துக்குப் பின் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நாள்களும் தகுதி நாள்களாயின. ஆனால் வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரும் சேர்க்கப்படாது என்பதால், விசாரணைக்கும் பதிவுக்கும் தேவைப்படும் நாள்களையும் கணக்கில் கொண்டு முன்கூட்டியே விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

அதே 2021 திருத்தம்தான் ஆதார் எண்ணைப் பட்டியலுடன் இணைக்கவும் வழிவகுத்தது. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்கள் அதற்காகத் தருவது படிவம் 6பி. போதிய காரணத்தால் ஆதார் எண் தர இயலாதவரின் பெயரைச் சேர்க்க மறுக்கவோ நீக்கவோ கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆதார் எண் கட்டாயம் என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பெயர் நீக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் மாதம் பீகாரில் வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்) தொடங்கியபோது, குடிமக்கள் தரக்கூடியவையாக 11 ஆவணங்கள் பட்டியலிடப்பட்டன. அவற்றில் ஆதாரும் இல்லை, ஆணையமே வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையும் இல்லை. வாக்குச்சாவடியில் ஒருவரை யாரென்று உறுதிசெய்யும் அட்டை, அவர் பெயரைப் பட்டியலில் தக்கவைக்கப் போதாது என்ற நிலை எளிய மக்களை எவ்வளவு குழப்பியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்றும், ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்குமாறு செப்டம்பர் 8 அன்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆதார் அடையாளத்துக்குத்தான் சான்று, குடியுரிமைக்கு அன்று என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே திருத்தம் 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டிலும் நடந்து, டிசம்பர் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்களும் இருமுறை பதிவானவர்களும் இதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீடு பூட்டியிருந்த வேளையில் அலுவலர் வந்துபோனதாலேயே பெயரை இழந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது.

உங்கள் பெயர் அப்படி விடுபட்டிருந்தால், முதலில் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் காரணத்தைக் கேளுங்கள். பிறகு வாக்காளர் பதிவு அலுவலரிடம் கோரிக்கை கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் அந்த முகவரியில் வசிக்கவில்லை என்றோ தகுதியற்றவர் என்றோ பெயரை நீக்குமுன், அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 22-ஆம் பிரிவு. பதிவு அலுவலரின் முடிவை ஏற்க முடியாவிட்டால் 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் தீராவிட்டால் 30 நாள்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

இனி வாக்குப்பதிவு நாள். வாக்காளர் அட்டை இல்லாதவர்களுக்காக 2024 மக்களவைத் தேர்தலில் 12 மாற்று ஆவணங்கள் ஏற்கப்பட்டன. பெரும்பாலோர் கையில் இருக்கக்கூடியவை ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை ஆகியவை. அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்களின் புகைப்பட அடையாள அட்டையும் ஏற்கப்படும். ஒவ்வொரு தேர்தலின்போதும் ஆணையம் இப்பட்டியலைப் புதிதாக வெளியிடுவதால், அந்தத் தேர்தலுக்குரிய அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதில் பலரும் தவறுவது இரண்டு இடங்களில். வீட்டுக்கு வந்து தரப்படும் பூத் சிலிப், 2019 முதல் தனித்த அடையாள ஆவணமாக ஏற்கப்படுவதில்லை. அது உங்கள் வரிசை எண்ணைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் பயன்படும் ரேஷன் அட்டையும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. ஒருமுறை, மதிய வெயிலில் நடந்து வந்த ஒரு பாட்டி ரேஷன் அட்டையை நீட்டியபோது, அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது இன்றும் என்னை உறுத்துகிறது. வங்கிப் புத்தகம் எடுத்துவர அவர் வீட்டுக்குத் திரும்பினார். மாலை ஐந்தரை மணிக்கு மீண்டும் வந்து வாக்களித்தார். இத்தகைய விதியை வகுக்கும் அரசு, அதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முன்கூட்டியே சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அட்டையில் உள்ள சிறு எழுத்துப்பிழைக்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆள் அவரே என்று உறுதியானால் போதும். வேறு தொகுதியில் வழங்கப்பட்ட பழைய அட்டையும், இப்போதைய வாக்குச்சாவடியின் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் செல்லும். புகைப்படம் பொருந்தவில்லை என்றால் மட்டும் மாற்று ஆவணம் ஒன்றைக் காட்ட நேரும். வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிவு செய்தவர்கள் அசல் பாஸ்போர்ட்டை மட்டுமே காட்ட வேண்டும்.

வேட்பாளர் ஒருவரின் வாக்குச்சாவடி முகவர் எழுந்து “இவர் அந்த ஆள் இல்லை” என்று ஆட்சேபித்தால் பதற வேண்டாம். முகவர்கள் ‘சேலஞ்ச் ஓட்டு’ என்று சொல்லும் அந்த நடைமுறையில், ஆட்சேபிப்பவர் முதலில் 2 ரூபாய் கட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். ஆட்சேபம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் நீங்கள் வாக்களிக்கலாம்.

உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டார் என்று தெரிந்தால், தேர்தல் நடத்தை விதிகளின் 49P-யைச் சொல்லி ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால், எந்திரத்தில் அன்றி வாக்குச்சீட்டில் வாக்களிக்க அனுமதிப்பார்கள். அச்சீட்டு தனி உறையில் வைக்கப்படும்; வழக்கமான எண்ணிக்கையில் சேராது. சேராததற்கு எதற்கு அளிப்பது என்று விட்டுவிடாதீர்கள். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவு அமைந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய வழக்கில் உங்கள் வாக்கு அளிக்கப்பட்டதற்கான பதிவு அதுதான்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம் என்றும், டெண்டர் ஓட்டுகள் 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்றும் தேர்தல்தோறும் வாட்ஸ்அப்பில் வரும் செய்தி முற்றிலும் தவறு. அதை நம்பி வாசலில் வாதாடி நேரத்தை இழக்காமல், அருகிலுள்ள வேறு பாகத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று 1950-இல் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால், அந்த வாரமே படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.