விஸ்லரின் கல்லச்சு உருவப்படங்களைப் பார்க்கும் முறை

ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் 1834இல் அமெரிக்காவின் லோவெல் நகரில் பிறந்து, 1855இல் பாரிசுக்குச் சென்று, பின்னர் தாயகம் திரும்பாமலே 1903இல் லண்டனில் மறைந்த ஓவியர். கல்லில் மெழுகுக்கோலால் வரைந்ததை மையிட்டுத் தாளில் எடுக்கும் கல்லச்சு முறையை அச்சாளர் தாமஸ் வே 1878இல் அவருக்கு அறிமுகப்படுத்தினார். அவருடைய எண்ணெய் ஓவியங்களை அறிந்தவர்கள்கூட இந்தச் சிறிய, வெளிறிய உருவப்படங்களை ஒரு நொடியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. இவற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பாருங்கள். கையால் செய்த பழைய தாள்களையும் மெல்லிய ஜப்பானியத் தாள்களையும் அவர் விரும்பித் தேடினார். மை படாத இடத்தில் தெரியும் அந்தத் தாளின் நிறமே படத்தின் ஒளியாகிறது. கவிஞர் மல்லார்மேயின் படத்தில் சில கோடுகளே இருக்கின்றன. முகத்தில் சற்றே செறியும் அக்கோடுகள் உடையை நெருங்கும்போது கரைந்துவிட, மீதியை வெற்றுத்தாள் நிரப்புகிறது. 1893இல் வெளிவந்த மல்லார்மேயின் தொகுப்பு நூலுக்கு இதுவே முகப்புப் படம்.

அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரு கோட்டை மட்டும் கவனியுங்கள். மெழுகுக்கோலின் கோடு ஒழுங்கற்ற துகள்களாக உடைந்திருக்கும். ஒரே சீரான இடைவெளியில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலப் புகைப்பட மறுபதிப்பு. செதுக்கச்சுப் படங்களில் உலோகத் தகடு தாளில் அழுத்திய தடம் சுற்றிலும் இருப்பது வழக்கம். கல்லச்சில் அதைத் தேட வேண்டியதில்லை.

விஸ்லர் பெரும்பாலும் நேரடியாகக் கல்லில் வரையவில்லை. பசை பூசிய மாற்றுத்தாளில் வரைந்ததை அச்சாளர் கல்லுக்கு மாற்றினார். கல்லில் நேராக வரைந்தால் அச்சில் இடம் வலமாகிவிடும்; மாற்றுத்தாள் வழியே சென்றால் உருவம் ஓவியர் வரைந்த பக்கத்திலேயே நிற்கும். மாற்றுத்தாளில் வரைந்தவை உண்மையான கல்லச்சு அல்ல என்று அச்சோவியர் ஜோசப் பென்னலின் படங்களைக் குறித்து ஓவியர் வால்டர் சிக்கர்ட் எழுத, பென்னல் வழக்குத் தொடுத்து 1897இல் வென்றார். விஸ்லரும் அவருக்காகச் சாட்சி சொன்னார். தீர்ப்பு சரியே என்பது என் எண்ணம், ஏனெனில் கோட்டின் உயிர் வரைந்த கையிலிருந்துதான் வருகிறது.

விஸ்லரின் கையொப்பம் ஒரு வண்ணத்துப்பூச்சி உரு. படத்தோடு சேர்ந்து அச்சான வண்ணத்துப்பூச்சிக்கும் ஓரத்தில் பென்சிலால் இட்ட வண்ணத்துப்பூச்சிக்கும் வேறுபாடு உண்டு. விஸ்லரின் மறைவுக்குப் பின் அச்சாளர் ஃபிரெடரிக் கூல்டிங் சில கற்களிலிருந்து மீண்டும் படிகள் எடுத்தார். அவற்றில் பென்சில் ஒப்பம் இருக்க வழியில்லை. ஆயினும் பென்சில் ஒப்பம் இல்லை என்பதாலேயே ஒரு படியைப் பிற்காலத்தது என்று முடிவுகட்டிவிடாமல், தாளையும் மையின் தெளிவையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

1896இல் லண்டனின் சாவோய் விடுதியில், நோயில் படுத்திருந்த மனைவி பியாட்ரிக்ஸை வரைந்த படங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு மே மாதம் அவர் இறந்தார். தலையணையில் சாய்ந்த தலையிலிருந்து தளர்ந்த கைவரை கோடுகள் எங்கெங்கே நின்றுபோகின்றன என்று மெதுவாகத் தொடர்ந்து பாருங்கள்.