சக்கரம் இறங்காத சின்ன விமானத்தைத் தரையிறக்குவது எப்படி

லிவரைக் கீழே தள்ளியாயிற்று, சக்கரத்துக்கு ஒன்றாக, இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் இரண்டுதான் எரிகிறது. முதலில் இறங்குவதை நிறுத்துங்கள். பவர் கொடுத்து மேலே ஏறி, பாதுகாப்பான உயரத்தில் வட்டமடித்துக்கொண்டே விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். எரிபொருள் இருக்கும்வரை அவசரமே இல்லை.

1972 டிசம்பரில் ஃபுளோரிடாவில் விழுந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 பெரிய பயணிகள் விமானம்தான், ஆனாலும் சக்கரம் உள்ள எதை ஓட்டுகிறவரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முன்சக்கர விளக்கின் பல்பு எரிந்துபோயிருந்தது, சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. விமானிகள் எல்லோரும் அந்த விளக்கிலேயே மூழ்கியிருக்க, விமானம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அதனால் ஒரு கை, ஒரு கண் எப்போதும் விமானத்தை ஓட்டுவதில்தான் இருக்க வேண்டும். அப்புறம் பல்பைப் பாருங்கள், எரிகிற பல்பைக் கழற்றி எரியாத இடத்தில் மாட்டினாலே பல மாடல்களில் தெரிந்துவிடும். சில பைப்பர் விமானங்களில் இறக்கை நுனியில் எரியும் நேவிகேஷன் விளக்கைப் போட்டால் இந்தப் பச்சை விளக்குகள் மங்கிவிடும், பகல் வெளிச்சத்தில் அணைந்த மாதிரியே இருக்கும். சர்க்யூட் பிரேக்கர் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதுவும் சரிவரவில்லை என்றால் கையேட்டை எடுத்து, அவசரமாகச் சக்கரம் இறக்கும் முறையை வரிவரியாகப் படித்துச் செய்யுங்கள், மனப்பாடத்தை நம்ப வேண்டாம். சிலவற்றில் கைபம்ப் அடிக்க வேண்டும், சிலவற்றில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், சிலவற்றில் ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுவித்தால் சக்கரம் தன் எடையிலேயே விழும். வேகத்தைக் கையேடு சொல்லும் அளவுக்குக் குறைத்தால்தான் இது நடக்கும். டவருக்கு அருகே தாழப் பறந்து காட்டலாம், ஆனால் சக்கரம் வெளியே இருக்கிறது என்றுதான் அவர்களால் சொல்ல முடியும், பூட்டிக்கொண்டதா என்று கீழிருந்து தெரியாது.

கடைசிவரை இறங்கவில்லையா? சரி, வயிற்றால் இறங்க வேண்டியதுதான். ரேடியோவில் ‘மேடே’ என்று ஆபத்து அழைப்பு சொல்லுங்கள், தீயணைப்பு வண்டி உள்ள, நீளமான தார் ரன்வேயைக் கேளுங்கள். புல்தரை மெத்தென்று இருக்கும் என்று தோன்றும், ஆனால் மண் இளகியிருந்தால் விமானத்தின் அடி அதில் குத்திக்கொள்ளும், தாரில் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். பெல்ட்டை இறுக்குங்கள், பறக்கக்கூடிய சாமான்களைக் கட்டுங்கள். விமானத்தின் உடல் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும், எனவே கையேடு அனுமதித்தால் தரை தொடுவதற்குச் சற்று முன்பே தாழ்ப்பாளை விடுவித்துவிடுங்கள்.

ப்ரொப்பெல்லரைக் காப்பாற்றுகிறேன் என்று உயரத்திலேயே எஞ்சினை அணைக்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரன்வே எட்டாமல் போனால் அந்த எஞ்சின் வேண்டும். வழக்கமான வேகத்தில் வந்து, ரன்வே உறுதியான பிறகு பவரைக் குறைத்து, மெதுவாகத் தொடுங்கள்.

தரையில் உரசும் சத்தம் கேட்டதும் பதறிப்போய் மறுபடி பவர் கொடுத்து ஏற முயலவே கூடாது. தரையில் பட்டு நுனி வளைந்த ப்ரொப்பெல்லர் எஞ்சினையே உலுக்கிவிடும், கொஞ்சம் உயரம் போனதும் அது நின்றால் உங்களுக்கு முன்னால் ரன்வேயும் இருக்காது. சறுக்கட்டும், விடுங்கள். நின்றதும் எரிபொருளையும், மின்சாரத்துக்கான மாஸ்டர் ஸ்விட்சையும் அணைத்து, எல்லோரையும் இறக்கி, காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போய் நில்லுங்கள்.